கோன் ஃபில்டர் மாட்டிய தம்பிக்கு



போன மாத இதழில் நீ எழுதியதைப் படித்தேன். ‘பத்தாயிரத்துக்குள் பறக்கவிடலாம்’ என்று தலைப்பு. அதை நீ வைத்திருக்க மாட்டாய், ஆசிரியர் வைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். சிவகாசிக்காரர் ஒருவருடைய 2008 மாடல் ஹோண்டா சிட்டி ஐ-விடெக். கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோன் ஃபில்டரும் அலுமினியக் குழாயும் மாட்டிக் கொடுத்திருக்கிறாய். ஃபில்டர் எதற்கு, த்ராட்டில் எங்கே என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருத்தங்கல் ரோட்டில் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் நீ. எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கு நேராக வருகிறேன்.

சீறியது, உறுமியது, கர்ஜித்தது. இரண்டு பக்கத்தில் இந்த மூன்றும் மாறி மாறி வருகின்றன. ‘அளந்தேன்’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. காற்று உள்ளே போகும் சத்தம் அந்த என்ஜினில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. வீட்டம்மா முகம் சுளிக்காமல் கூட உட்கார்ந்து வரட்டும் என்று கம்பெனிக்காரன் பெட்டிக்குள் அறை அறையாகத் தடுத்து அதை அமுக்கி வைத்திருந்தான். நீ பெட்டியை எடுத்தாய், சத்தம் வெளியே வந்தது. பவர் வந்ததா என்பது வேறு கேள்வி.

அதற்கு நீ காட்டுகிற சாட்சி, நூறு கிலோமீட்டர் வேகத்தை அரை விநாடி முன்னதாகத் தொட்டது என்பது. முதல் ஓட்டம் மே மாதம், மதியம் 2 மணி, சாத்தூர் போகும் நாலுவழிச் சாலை. மாட்டிய பிறகு ஓட்டியது விடியற்காலை 5 மணிக்கு. நீயே எழுதியிருக்கிறாய், ‘குளுகுளுவென்று இருந்தது’ என்று! (பொதுச் சாலையில் இந்த வேலை வேண்டாம் என்று சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பாய். சொல்லத்தான் செய்வேன்.)

நேரம் மாறினால் என்ன என்கிறாயா? உங்கள் ஊரில் பட்டாசு மருந்து கலக்குகிறவர் யாரையாவது கேட்டுப் பார். பட்டாசு எரிய வெளிக்காற்று தேவையில்லை. அதற்கான ஆக்சிஜன் வெடியுப்புக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. பெட்ரோலுக்கு அந்த வசதி இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கிலோ என்பதைக் கவனி. என்ஜின் காற்றை இழுப்பது கொள்ளளவுக் கணக்கில். உன் சிட்டி 1497 சிசி. 6600 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர். அந்த 5,000 லிட்டரில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதை வெயில்தான் முடிவு செய்கிறது. மதியம் 40 டிகிரி, விடிகாலையில் 26 டிகிரி என்று வை. காற்றின் அடர்த்தி நாலரை சதவீதத்துக்கு மேல் கூடும். 118 குதிரைத்திறனில் அது ஐந்து குதிரைக்குக் குறையாது. நீ எதுவுமே மாட்டாமல் கம்பெனிப் பெட்டியோடு விடிகாலையில் ஓட்டியிருந்தாலும் வண்டி வேகமாகத்தான் போயிருக்கும்.

அதைவிடக் கொடுமை, கோனை ரேடியேட்டருக்குப் பின்னால், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறாய். புகைப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் மதியம் நின்றால் பானெட்டுக்குள் 60 டிகிரி சுலபமாக ஏறும். 40 டிகிரி வெளிக்காற்றை விட்டுவிட்டு அந்த 60 டிகிரிக் காற்றைக் குடிக்க வைத்தால் ஆறு சதவீதம், ஏழு குதிரை, போயிற்று. ஓட ஓடச் சூடு குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிக்னலிலிருந்து பாய வேண்டும் என்றுதானே உன் வாடிக்கையாளர் பணம் கொடுத்தார்?

சரி, கம்பெனிப் பெட்டி காற்றை அடைக்கிறதா? அடைக்கலாம். எவ்வளவு என்று அளந்துவிட்டுப் பேசு. இருபது வருடமாக நான் எல்லாரிடமும் சொல்லிச் சலித்த விஷயம் இது. கொத்தனார் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப் மூன்று மீட்டர் வாங்கு. ‘யு’ வடிவத்தில் வளைத்து ஒரு பலகையில் அடி, பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை ஒட்டு. பாதிக்குத் தண்ணீர் விட்டு இரண்டு சொட்டு நீலம் கலந்துகொள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனையை ஃபில்டருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள குழாயில் செருகு. முழு த்ராட்டிலில் சுற்று ஏற ஏற டியூபின் ஒரு பக்கத்தில் தண்ணீர் ஏறும், மறுபக்கத்தில் இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் போனில் படம் பிடிக்கட்டும். இரண்டு மட்டத்துக்கும் நடுவே 10 செ.மீ. வித்தியாசம் இருந்தால் நீ இழப்பது காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம். உன் வண்டியில் ஒரு குதிரைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அடுத்து டியூபை ஃபில்டருக்கு முன்னால் செருகிப் பார். அடைப்பு ஃபில்டரிலா, அதற்கு முந்திய வாய்க்குழாயிலா என்று தெரிந்துவிடும். வாய்க்குழாயில் என்றால், எத்தனை ஆயிரத்துக்குக் கோன் வாங்கியும் பயனில்லை. அந்தக் குழாயை மாற்றினால் போதும். நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற இந்தச் சோதனையை எவனும் செய்வதில்லை. செய்தால் விற்பனை படுத்துவிடும்.

‘ரேஸ் காரில் ஃபில்டரே கிடையாதே’ என்று வேறு ஒரு வரி எழுதியிருக்கிறாய். இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாக நான் அங்கே நின்றிருக்கிறேன். ஃபியட்டும் ஹெரால்டும் ஓடும். கார்புரேட்டர் வாயில் வெறும் கம்பி வலைதான். சீசன் முடிந்ததும் எங்கள் மேஸ்திரி என்ஜினைப் பிரித்துப் போடுவார். என் விரலைப் பிடித்துச் சிலிண்டர் போருக்குள் வைத்து, நகத்தை மேல் விளிம்பை நோக்கி இழுக்கச் சொல்வார். நகம் தட்டும். ஓடுதளத்து ஓரப் புழுதி பிஸ்டன் ரிங்கோடு சேர்ந்து அரைத்த படிக்கட்டு அது. ரேஸ்காரர் அடுத்த வருடம் சிலிண்டரை ரீபோர் செய்துகொள்வார். உன் வாடிக்கையாளர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஆலைக்கு, வேன்கள் கிளப்பிய புழுதிக்குள் தினமும் போய்வருகிறவர். வருடா வருடம் என்ஜினைப் பிரித்துக்கொடுப்பாரா?

ரேஸ் என்றதும் கோவை கரிவரதன் ஞாபகம் வருகிறது. மாருதி 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டி, பணக்காரப் பிள்ளைகள் மட்டும் ஆடிய ஆட்டத்துக்குள் மற்றவர்களும் நுழைய வழிசெய்த மனிதர். 1995-இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். செட்டிபாளையம் ஸ்பீட்வேக்கு இருப்பது அவர் பெயர்தான். அவரை நினைத்துத்தான் அந்தப் ‘பத்தாயிரத்துக்குள்’ தலைப்பை மன்னித்தேன். குறைந்த காசில் செய்ய நினைப்பது தப்பே இல்லை.

அந்தக் கோனின் பருத்தி ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாக. கலிபோர்னியாவின் கே அண்ட் என் பிரபலமாக்கிய அந்தச் சரக்கு, எண்ணெய் தடவிய பருத்தி வலைத்துணி. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கு நெய்கிறார்களே காஸ் துணி, அந்த இனம்தான். புழுதியைப் பிடிப்பதில் பாதி வேலை எண்ணெயுடையது. கழுவிவிட்டு எண்ணெய் விடாமல் மாட்டினால் மண் உள்ளே போகும். அள்ளி ஊற்றினால், ஹாட் வயர் சென்சார் உள்ள வண்டியில் அந்தக் கம்பியில் எண்ணெய் படிந்து கணக்கைக் கெடுக்கும். நீ எழுதியபடி கம்ப்ரஸர் ஏர் பிடித்தால் துணி கிழியும். அந்த வரியை அடுத்த இதழில் திருத்து.

கடைசிப் பத்தியில் சைலன்சரில் ‘பட் பட்’டென்று வெடிக்க வைக்கவும் யோசனை சொல்லியிருக்கிறாய். வெடிமருந்து ஏற்றிய வண்டிகள் ஸ்பார்க் அரெஸ்டர் மாட்டிக்கொண்டு போகிற ரோட்டில், எக்ஸாஸ்டில் நெருப்புக் கக்குகிற கார்! உன் ஊர் எதுவென்று மறந்துவிட்டாயா?

இவ்வளவு திட்டியும் அந்த இதழை நான் பழைய பேப்பர்காரனிடம் போடவில்லை. காரணம் இரண்டாம் பக்கத்தில் ஐந்தே வரி. பழைய பெட்டியைத் திறந்ததும், ஃபில்டருக்குப் பின்னால் சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில் விரலை ஓட்டியிருக்கிறாய். ஒரு மூலையில் மட்டும் சாம்பல் நிறப் புழுதி, கோடு கிழித்த மாதிரி. யாரோ மாட்டிய மலிவு ஃபில்டரின் ரப்பர் விளிம்பு அந்த மூலையில் மடங்கியிருக்கிறது. கிளிப் உடைந்து கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறது. தம்பி, நாற்பது வருடம் தொழில் செய்த மெக்கானிக் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தக் கோட்டைப் பார்க்காமல் துணியால் துடைத்திருப்பார்கள். அந்த ஐந்து வரிக்கு நிகராகத் தமிழில் மோட்டார் எழுத்து நான் படித்ததில்லை. அந்த விரல் உனக்குப் பிறவியில் வந்தது. அதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பெட்டியைத் தூக்கி எறிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நோயைக் கண்டுபிடித்த கையோடு வேறு யாருக்கோ மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறாய்!

அந்த வண்டிக்கு நானாக இருந்தால் சில நூறு ரூபாய்க்குக் கம்பெனியின் பேப்பர் ஃபில்டர், ஒரு புதுக் கிளிப், பெட்டிக்குள் ஒரு நல்ல துடைப்பு. பிறகு டியூபில் பார்த்து, அடைப்பு நிஜமாகவே ஃபில்டரில் என்றால், அதே பெட்டிக்குள் உட்காரும் தட்டை பருத்தி ஃபில்டர். வாய்க்குழாயில் என்றால் கிரில்லுக்குப் பின்னாலிருந்து நேராக ஒரு குழாய். ஆனால் பம்பருக்கு அடியில் இறக்காதே. ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரை ஒரு வாய் இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சத்தம்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால் கோனையே போடு. ஆனால் அதைச் சுற்றித் தகரத்தில் தடுப்பு வளைத்து, பானெட்டில் உரசும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, வெளிக்காற்று வர ஒரு வழி விட்டு, பில்லில் ‘சத்தத்துக்கு’ என்றே எழுதிக் கொடு.

அடுத்த ஞாயிறு வண்டியை விருதுநகருக்கு எடுத்து வா. மதியம் 2 மணிக்கு வா, விடிகாலையில் வேண்டாம். டியூபும் பலகையும் என்னிடம் இருக்கின்றன. ஓபிடி ரீடர் ஒன்று கொண்டு வா, உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பார்த்துவிடலாம். பழைய பெட்டியை ஆக்கருக்குப் போடாமல் வைத்திருந்தால் அதையும் டிக்கியில் போட்டுக்கொள். முதலில் கோனோடு ஒரு ஓட்டம், அரை மணி நேரத்தில் பெட்டியை மாட்டி இன்னொன்று. எண்ணெய் பரோட்டா என் செலவு.

அன்புடன்,
உன் எழுத்தை விடாமல் படிக்கிற ஒரு பழைய மெக்கானிக்
விருதுநகர்