பள்ளி திறக்குமுன்

ஜூன் திங்கள் நெருங்குங்கால் சீருடையும் நூல்களும் வாங்கிவிட்டால் கடமை முடிந்ததெனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். பிள்ளை எக்கூரையின்கீழ் அமர்கிறது, எவ்வண்டியில் ஏறுகிறது என்பனவே முதற்கண் ஆராயத்தக்கன.

16.7.2004 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையிற் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. 25.7.2012 அன்று தாம்பரத்தை அடுத்து, பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். ஓட்டை ஒரே நாளில் விழுவதன்று. நாள்தோறும் கண்டவர் இருந்திருப்பர். அதன் பின்னரே தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. அவசர வழி, முதலுதவிப் பெட்டி, உடன் செல்லும் உதவியாளர் ஆகியன கட்டாயமாயின. இன்று கோடை விடுமுறையில் அலுவலர்கள் இப்பேருந்துகளைச் சோதிக்கின்றனர்.

ஆயின் கட்டணம் குறைவென்று நாமே அமர்த்தும் ஆட்டோவையும் வேனையும் சோதிப்பார் யார்? பள்ளி செல்ல அழும் பிள்ளை பாடத்திற்கு அஞ்சியே அழுகிறதென முடிவுகட்டுதல் கூடாது. மூச்சுமுட்ட நெருங்கி அமரும் பயணத்திற்கும் அஞ்சலாம். கடிந்துகொள்ளாது கேட்டால் அதுவே கூறும். முதல் வாரத்தில் ஒருநாளேனும் பெற்றோர் அவ்வண்டியில் உடன் செல்லுதல் நன்று. இருக்கைகளையும் தலைகளையும் எண்ணலாம். கதவுத் தாழை அசைத்துப் பார்க்கலாம். காலடியிலுள்ள விரிப்பையும் சற்றே தூக்கிப் பார்க்கலாம்.