இராமானுஜன் பட்டியலில் இல்லாத எண்

நான் தமிழன் என்று அறிந்ததும், தில்லியில் பலர் இராமானுஜனையும் 1729 என்னும் எண்ணையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். கேட்கப் பெருமையாகவே இருக்கிறது. ஆயினும் அம்மேதையின் உழைப்பை அறிய வேறோர் எண்ணையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதனை இங்கே காண்போம்.

12 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12-க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட மிகுந்த காரணிகளை உடைய எண்ணை மிகு பகு எண் என்போம். 60-ம் அத்தகையதே, அதற்குப் பன்னிரண்டு காரணிகள். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்ததும், இன்று ஒரு மணியை 60 நிமிடமாகப் பகுப்பதும் பங்கிட எவ்வளவு வசதி என்பதை எண்ணிப் பாருங்கள்.

காரணிகளை எண்ண எளிய வழி உண்டு. எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதி, ஒவ்வொரு பகா எண்ணும் வரும் தடவையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 12-இல் 2 இருமுறையும் 3 ஒருமுறையும் வருகின்றன; ஆகவே 3 × 2 = 6. 18-இல் 2 ஒருமுறை, 3 இருமுறை; அதற்கும் ஆறே. ஆனால் 12 சிறியதாகையால் 18 தோற்றுவிடுகிறது. எனவே மிகு பகு எண்ணில் சிறிய பகா எண்ணைவிடப் பெரியது மிகுதியான தடவை வரலாகாது.

1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த நீண்ட கட்டுரையில் இராமானுஜன் இவ்வெண்களை ஆராய்ந்தார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது இவ்வாராய்ச்சிக்கே. அதிலுள்ள பட்டியலின் இறுதி எண் 6746328388800; அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வருகின்றன. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 32 = 10080. கணிப்பொறி இல்லாத நாளில் கையால் கண்ட கணக்கு இது!

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது: 293318625600. இறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் இதுவே கிடைக்கும். காரணிகள் 5040. பட்டியலோ 4800 காரணிகள் உடைய எண்ணிலிருந்து 5376 உடையதற்குத் தாவிவிடுகிறது.

இதைச் சொன்னபோது விடுதி நண்பர் ஒருவர், “இராமானுஜன் கணக்கைத் திருத்த நாம் யார்?” என்று சினந்தார். அன்பர்களே, கணக்கைப் போட்டுப் பார்க்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. விடுபட்ட எண்ணும் அவர் நிறுவிய விதிக்கு அடங்கியே நிற்கிறது. அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. அவர் கட்டுரையை எழுதுகோலும் கையுமாகப் படிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. இன்றே 360-ஐயும் 720-ஐயும் எடுத்துக் காரணிகளை எண்ணிப் பாருங்கள்.