பூவும் நாரும்
வாகன மணப்பைக்கு ஏற்ற கயிறு எது?



ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் லாச்சப்பல் வீதிகளில் மாணிக்க விநாயகரின் தேர் உலா வருவதைக் கண்டிருப்பீர்கள். பெற்றோரின் கைகளுக்கு இடையே உங்கள் சிறு கைகளும் வடத்தைத் தொட்டிருக்கும். பெருந்தேரை அசைக்கும் அந்த வடமும், அம்மா பூத்தொடுக்கும் மெல்லிய நாரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

எமது கைப்பணி வகுப்பில், வெட்டிவேரைத் துணியில் பொதிந்து, வாகனத்தில் தொங்கவிடும் மணப்பைகளைச் செய்தோம். பை தைப்பது எளிதாக இருந்தது. எந்தக் கயிற்றில் தொங்கவிடுவது என்ற வினாவே எம்மைச் சிந்திக்க வைத்தது. அதற்குக் காரணமும் உண்டு. நாம் முதலில் செய்த பையை றப்பர் நாடாவில் கட்டி, எமது மகிழுந்தின் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தோம். வெயிலும் தைலமும் பட்டு நைந்த அந்நாடா, சில கிழமைகளின் பின் ஓட்டத்தின்போதே அறுந்தது. பை காலடியில் விழுந்தது. அதனை எடுக்கக் குனிந்த கணத்தில் முன்னே சென்ற வாகனம் நின்றுவிட்டது. தெய்வாதீனமாக விபத்து நேரவில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

சொல்லின் பயணம்

வெட்டிவேர் என்பது ஒருவகைப் புல்லின் வேர். குளியற் பொருட்களிலும் வாசனைத் திரவியப் புட்டிகளிலும் 'வெத்திவேர்' எனப் பிரெஞ்சில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது பிரெஞ்சு மொழி நம்மிடமிருந்து பெற்ற சொல்லாகும். புகழ்பெற்ற கெர்லன் நிறுவனம் 1959 இல் வெளியிட்ட வாசனைத் திரவியத்துக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. தேங்காய்த் தும்பைக் குறிக்கும் 'கொயர்' என்னும் சொல்லும் மலையாளத்தின் கயர், தமிழின் கயிறு ஆகிய உறவுச் சொற்களின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. 'கத்தமரான்' என்பது மரங்களைக் கயிற்றால் பிணைத்த நமது கட்டுமரமே. எனவே வெட்டிவேர்ப் பையைக் கயிற்றில் கட்டும்போது, கடல் கடந்து வந்த இரண்டு சொற்களை நீங்கள் ஒன்றாக முடிச்சிடுகிறீர்கள்.

நாரின் இயல்பு

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது பழமொழி. இதில் அறிவியல் உண்மையும் அடங்கியுள்ளது. இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே திரவம் மேலேறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனாலேயே. மணப்பையில் தைலம் அதிகமாயின், கயிறும் திரியாகி அதனை உறிஞ்சும். அத்தைலம் வாகனத்தின் உட்பகுதியிலுள்ள பிளாஸ்ரிக்கைக் கறைப்படுத்தவும் சிதைக்கவும் கூடும். தைலம் சேர்க்க விரும்பினால் ஓரிரு துளிகளைப் பஞ்சில் இட்டு, அதனைப் பையின் நடுவே வைத்தல் வேண்டும். நன்கு உலர்ந்த வெட்டிவேருக்குத் தைலமே தேவையில்லை.

வெட்டிவேர்ப் பையின் நிறை சில கிராம்களே. ஆதலால் எந்தக் கயிறும் அதனைத் தாங்கும். நாம் ஆராய வேண்டியது முடிச்சு நிற்குமா, வெயிலைத் தாங்குமா, முறுக்கு அவிழுமா என்னும் மூன்றையுமே.

தங்கூசி எனப்படும் தனியிழை நைலோன் நூலில் தைலம் ஏறாது. ஆனால் அதன் வழுவழுப்பினால் முடிச்சு நழுவும். நைலோன் நீண்டகால வெயிலில் வலுவிழக்கும் இயல்பும் உடையது. சணல் பார்வைக்கு அழகானது. எனினும் தும்பு உதிர்க்கும், ஈரத்தில் வலிமை குன்றும். தும்புக் கயிறு முரடானது. சிறிய முடிச்சுக்கு வளைந்து கொடாது. வாழைநார் பூமாலைக்கு உகந்தது; காய்ந்தபின் மடித்தால் முறியும். றப்பர் நாடாவின் கதையை மேலே கண்டோம். பருத்தி நூலோ முடிச்சை இறுகப் பற்றும். ஈரமானால் அதன் வலிமை குறையாது, சற்றுக் கூடும். ஆகவே பருத்தியையே நாம் தெரிவு செய்தோம்.

முறுக்கின் நுட்பம்

ஒரு பக்கமாக மட்டும் முறுக்கிய நூலில் பொருளொன்றைத் தொங்கவிட்டால், முறுக்கு அவிழ்ந்து பொருள் சுழலும். வாகனத்தில் சுழலும் பை கவனத்தைச் சிதறடிக்கும். இதற்கு நம் முன்னோர் கண்ட வழி எளியது. இழைகளை வலப்புறமாக முறுக்கி, அவ்வாறு முறுக்கிய புரிகளை ஒன்றுசேர்த்து இடப்புறமாக முறுக்குவர். ஒன்றின் அவிழும் விசையை மற்றது தடுப்பதால் கயிறு அமைதியாக நிற்கும். பெரிய வடமும் இவ்விதியினாலேயே உறுதி பெறுகிறது. மூன்று புரிகளைக் கூந்தல் பின்னுவதுபோலப் பின்னினாலும் சுழற்சி தோன்றாது.

எங்கே தொங்கவிடுவது?

பெரும்பாலோர் பின்பார்வைக் கண்ணாடியையே நாடுவர். காகித அட்டையில் மணமூட்டிய மரவடிவத் தொங்கலை 1952 ஆம் ஆண்டளவில் யூலியஸ் சாமான் என்னும் வேதியியலாளர் அமெரிக்காவில் உருவாக்கியபின், இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. ஆனால் ஓட்டுநரின் பார்வைப் புலம் பொருட்களால் குறைக்கப்படலாகாது எனப் பிரெஞ்சு வீதிப் போக்குவரத்துச் சட்டக்கோவையின் ஆர் 412-6 ஆம் உறுப்புரை கூறுகிறது. பாதசாரி ஒருவரை மறைப்பதற்குச் சிறு பையும் போதும். ஆகவே ஓட்டுநருக்கு அருகிலுள்ள ஆசனத்தின் தலைதாங்கிக் கம்பியில், அதன் பின்புறமாக, பையைக் கட்டுதல் நன்று. ஒரு முழ நீளமுள்ள பருத்திச் சரடு இதற்குப் போதுமானது. அதனை இரண்டாக மடித்து, மடிப்பினைக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு நுனிகளையும் மடிப்பினூடே இழுத்து இறுக்குக. பின்னர் நுனிகளைப் பையின் வாயில் இரட்டை முடிச்சிட்டுக் கட்டுக. மாதம் ஒருமுறை முடிச்சைத் தொட்டுப் பார்த்து, இழை நைந்திருப்பின் சரட்டை மாற்றுக.

செல்வங்களே! மணத்தை எல்லோரும் புகழ்வர். தாங்கும் கயிற்றை எவரும் நோக்குவதில்லை. அறுந்தபோதுதான் அதன் அருமை தெரியும். கிழமை தோறும் இப்பள்ளிக்கு உங்களை அழைத்து வரும் பெற்றோரும் அத்தகைய கயிறுகளே. அவர்களது வாகனத்திற்கு உங்கள் கையால் ஒரு மணப்பை செய்து கொடுங்கள். அதைக் கட்டும்போது சரடு, புரி, முடிச்சு என்னும் சொற்களைத் தமிழிலேயே சொல்லிக் கட்டுங்கள். கை பழகிய சொல் நாவை விட்டு எளிதில் அகலாது.

பயிற்சி

1. இழை, நூல், சரடு, கயிறு, வடம் ஆகியவை ஒவ்வொன்றும் பயன்படும் ஓர் இடத்தை எழுதுக.

2. ஒரு மீற்றர் பருத்தி நூலின் இரு முனைகளையும் இருவர் பிடித்து, எதிரெதிர்த் திசைகளில் நன்கு முறுக்குக. பின்னர் நூலை இழுத்துப் பிடித்தபடியே நடுவில் மடித்து விடுக. நிகழ்வதைக் கண்டு, காரணத்தை ஐந்து வரிகளில் விளக்குக.

3. பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்னும் பழமொழியின் பொருளை, உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.

4. தமிழிலிருந்து பிரெஞ்சு மொழிக்குச் சென்ற வேறு இரண்டு சொற்களைப் பெற்றோரிடம் கேட்டறிந்து வருக.