துருக்கித் தொப்பி தரும் படிப்பினை

நேற்று வந்த புதுமை இன்று வழக்கமாகிறது. நாளை அதுவே மார்க்கம் என்ற மதிப்பைப் பெற்றுவிடுகிறது. பிறகு அது மறையும்போது மார்க்கமே மறைந்துவிட்டதாக மக்கள் மனம் பதைக்கிறார்கள். இதற்கு நம் சமுதாயம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. அதுதான் கறுப்புக் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி.

1826-ல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத், ஜானிஸரி என்னும் பழைய படையைக் கலைத்தார். புதிய படைக்கு வட ஆப்பிரிக்காவில் வழங்கிய இந்தத் தொப்பியைச் சூட்டினார். 1829-ல் அரசு அலுவலர்களுக்கும் அதையே சட்டமாக்கினார். அதுவரை ஒருவரின் தலைப்பாகையைப் பார்த்தே அவருடைய பதவியையும் மதத்தையும் அறிந்து வந்த நாடு அது. ஆலிம்களுக்கு மட்டும் தலைப்பாகை விடப்பட்டது. மற்றவர்களில் பலர் மனக்கசப்புடனேயே புதிய தொப்பியை ஏற்றார்கள்.

நூறாண்டு கூட ஆகவில்லை. 1925 நவம்பரில் முஸ்தபா கமாலின் அரசு அதே தொப்பியைத் தடை செய்து, ஐரோப்பியத் தொப்பியைப் புகுத்தியது. அன்று அரசர் ஆணையால் வந்த தொப்பி, இன்று ஈமானின் அடையாளமாக மக்கள் மனத்தில் நின்றது. கிளர்ச்சிகள் எழுந்தன, உயிர்களும் போயின. அச்சட்டம் வருமுன்பே ஐரோப்பியத் தொப்பியைக் கண்டித்துப் பிரசுரம் எழுதிய இஸ்கிலிப்லி ஆதிஃப் என்ற ஆலிம் 1926-ல் தூக்கிலிடப்பட்டார்.

நம் பக்கத்திலும் இத்தொப்பி மானப் பிரச்னையானதுண்டு. 1905-ல் கொழும்பு நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியுடன் வாதாட வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இலங்கை முஸ்லிம்கள் மருதானையில் பெருங்கூட்டம் கூட்டிக் குரல் எழுப்பினார்கள்.

இத்தனை மானத்தைச் சுமந்த தொப்பியைச் செய்தவர்கள் யார்? அதில் பெரும்பகுதி ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகளிலிருந்து கப்பலேறி வந்தது! 1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, துருக்கியர் ஆஸ்திரியச் சரக்குகளைப் பகிஷ்கரித்தார்கள். அப்போதுதான் தங்கள் தலையிலிருப்பதும் அந்நியச் சரக்கு என்பது பலருக்கு உறைத்தது.

சகோதரர்களே! இதில் நாம் பெறவேண்டிய பாடம் என்ன?

முதலாவது, உடையின் பாணி வேறு, உடைக்கு மார்க்கம் வகுத்த வரம்பு வேறு. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் கை குறுகிய ஷாம் நாட்டு ஜுப்பா அணிந்திருந்தார்கள். ஒளூச் செய்யும்போது அதன் கையை மேலே ஏற்ற முடியாததால், கரங்களை உள்பக்கமாக வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று முகீரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஷாம் அப்போது ரோமர் ஆட்சியில் இருந்த நாடு. அந்நிய நாட்டுத் தையல் என்பதற்காக மட்டும் ஓர் உடை ஹராமாகிவிடவில்லை.

இரண்டாவது, வரம்பு மாறாது. அவ்ரத் மறைய வேண்டும், வீண்விரயம் கூடாது, பெருமையடிப்பும் கூடாது. ஊரார் விரல் நீட்டிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அணியும் உடையையும் ஹதீஸ் கண்டிக்கிறது. ஆடைகளிற் சிறந்தது தக்வா என்னும் ஆடையே என அஃராஃப் அத்தியாயத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான்.

இந்த அளவுகோலை நம் வீட்டுக் கல்யாணத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நாள் உடுத்திப் பெட்டியில் பூட்டும் உடைக்காகத் தகப்பன் கடன் வாங்குகிறான். பக்கத்து வீட்டில் செய்தார்கள் என்பதே அதற்கு ஆதாரம்! அதை வாங்க முடியாத ஏழைப் பெண்ணின் நிக்காஹ் தள்ளிப் போகிறது. உடையின் வடிவம் ஹலாலாக இருக்கலாம். ஆனால், அந்தக் கடனும் அந்தப் பெண்ணின் கண்ணீரும் நம் கணக்கில் அல்லவா எழுதப்படும்?

மூன்றாவது, பாணியை வைத்துப் பிறர் ஈமானை எடை போடாதீர்கள். தொப்பியின் உயரத்தையும் புர்காவின் தையலையும் பார்த்து ஒருவரை ஏளனம் செய்வது, ஆகுமான ஒன்றைச் சாக்கிட்டுப் பாவத்தைத் தேடிக்கொள்வதாகும்.

துருக்கித் தொப்பி வந்தது, போனது. தொழுகை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வருவதும் போவதும் எது, நிலைத்து நிற்பது எது எனப் பிரித்தறியும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.