மாணவர் பக்கம்: பாகப் பிரிவினையில் அல்ஜிப்ரா

அல்ஜிப்ரா என்றதும் பிள்ளைகள் பலர் பயப்படுகிறார்கள். அது நம் வீட்டுக் கணக்குதான். கலீஃபா மஃமூன் காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள ‘அல்ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லே அல்ஜிப்ரா ஆனது. அந்நூலில் பெரும் பகுதி வாரிசுரிமைக் கணக்குகள். தெரியாத எண்ணை அவர் ‘ஷைஉ’ (ஒரு பொருள்) என்றார். நாம் ‘ப’ என்போம்.

கணக்கு: ஒருவர் ரூ.7,00,000 விட்டு மவுத்தாகிறார். ஜனாஸா செலவும் கடனும் ரூ.60,000. வஸிய்யத் இல்லை. வாரிசுகள் ஒரு மகன், இரு மகள்கள் மட்டும். ஒரு மகளின் பங்கைப் போல் இரு மடங்கு மகனுக்கு. மகளின் பங்கு எவ்வளவு?

1. மகளின் பங்கு ப. மகனின் பங்கு 2ப. மொத்தம் ப + ப + 2ப = 4ப.

2. சமன்பாடு: 4ப + 60,000 = 7,00,000

3. இருபுறமும் 60,000 கழிக்க: 4ப = 6,40,000

4. இருபுறமும் 4ஆல் வகுக்க: ப = 1,60,000

மகளுக்குத் தலா ரூ.1,60,000, மகனுக்கு ரூ.3,20,000.

சரிபார்ப்பு: 1,60,000 + 1,60,000 + 3,20,000 + 60,000 = 7,00,000.

சமன்பாடு தராசு போன்றது. ஒரு தட்டில் செய்வதை மறு தட்டிலும் செய்ய வேண்டும். கடனைக் கழிக்காமல் 4ஆல் வகுத்தால் ப = 1,75,000 என வரும்; கடன் கொடுத்தவரின் ஹக் போய்விடும்.

மனைவி, பெற்றோர் இருந்தால் பங்குகள் மாறும், ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கணக்கை நம் பெண்பிள்ளைகளும் போடப் பழகட்டும். தன் ஹக் எவ்வளவு என்பது அவர்களுக்கே தெரிய வேண்டும்.

பயிற்சி: ஒரு மகன், ஒரு மகள். சொத்து ரூ.1,10,000, கடன் ரூ.20,000. மகளின் பங்கு? (விடை: ரூ.30,000)