காணிக்கை சேர்ப்போர் கற்கவேண்டியவை

பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பது புதிய வழியன்று. யெருசலேமின் ஏழைகளுக்காகப் புனித சின்னப்பர் கொரிந்து, மக்கேதோனியா, கலாத்தியா சபைகளில் காணிக்கை சேர்த்தார். அவர் வகுத்த ஒழுங்கு மூன்று (1 கொரி. 16, 2 கொரி. 8): வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்பச் சேமித்தல், சபை தெரிந்தெடுத்தவர்களே பணத்தைக் கொண்டுசெல்லல், தொடங்கியதை முடித்தல்.

டொரன்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் கனடிய டொலரும் 2021இல் ஆயிரக்கணக்கானோர் கைகளாலேயே நிறைந்தது.

நெடுந்தீவில் ஆலயக் கூரைக்கு நிதி திரட்டுவோர், குறிகட்டுவானிலிருந்து சாமான் ஏற்றும் படகுக் கூலியையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு உறவுகளைக் கேட்குமுன் ஊரவரின் பிடியரிசி விழட்டும். எவரும் கேட்குமுன் கணக்கை ஆலய வாசலில் ஒட்டுங்கள். கணக்கு மறைந்த இடத்தில் அடுத்த காணிக்கை பிறவாது. அப்போது இழப்பவர்கள் ஏழைகளே.