தீத்தணிப்பு வெப்பக்காப்புப் பலகைகள்: உற்பத்தியும் கண்காணிப்பும்

மிதமான தட்பவெப்பத்திற்குப் பெயர் பெற்ற பெங்களூரில் 2016 ஏப்ரல் 24 அன்று வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸை எட்டியது. அல்சூரை அடுத்து, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில், பகல் முழுவதும் வெயிலை வாங்கும் கான்கிரீட் தளம் இரவிலும் வெப்பத்தை வீட்டினுள் இறக்குகிறது. மேல்தளக் குடும்பங்களே இதனால் பெரிதும் அவதியுறுகின்றன. மின்விசிறியும் குளிர்சாதனமும் கூடுவதால் மின்தேவையும் உயர்கிறது. எனவே கட்டடங்களின் வெப்பக்காப்பு எரிசக்திச் சிக்கனத்தின் ஓர் அங்கமாகிவிட்டது.

பலகையின் சிறப்பு

மக்கள் வழக்கில் தெர்மோகோல் எனப்படும் விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீனில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றே. நுண்ணறைகளில் அடைபட்ட இக்காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. 5 சென்டிமீட்டர் பலகை தரும் வெப்பத்தடையைக் கான்கிரீட்டால் மட்டும் பெற வேண்டுமாயின், தளம் 2 மீட்டருக்கும் மேல் தடித்திருக்க வேண்டும். விலைமலிவும் எடைக்குறைவும் இதன் பிற நன்மைகள். எளிதில் தீப்பற்றுவதே இதன் பெருங்குறை.

உற்பத்தி முறை

மூலப்பொருள், பென்டேன் அடங்கிய சிறு பாலிஸ்டைரீன் மணிகள். நீராவி பட்டதும் மணி இளகுகிறது. பென்டேன் ஆவியாகி அதனைப் பன்மடங்கு பருக்கச் செய்கிறது. பருத்த மணிகள் சில மணி நேரம் காற்றில் ஆறவிடப்படுகின்றன. பின்னர் அச்சில் நிரப்பி மீண்டும் நீராவி செலுத்தினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரும் பாளமாகின்றன. பாளத்தைச் சில நாட்கள் வைத்திருந்து, சூடேற்றிய கம்பியால் பலகைகளாக அறுக்கின்றனர்.

புதிய பாளத்திலிருந்து வெளியேறும் பென்டேன் காற்றைவிடக் கனமானது; தரைமட்டத்தில் தேங்கும்; ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். ஆதலால் காற்றோட்டமற்ற சிறு கொட்டகைகளில், குடியிருப்புகளின் நடுவே, இத்தொழிலை அனுமதிப்பது தகாது.

தீத்தணிப்பு எவ்வாறு நிகழ்கிறது?

தீத்தணிப்புப் பொருள் பொதுவாக மணிகளைத் தயாரிக்கும் பெரிய ஆலையிலேயே சேர்க்கப்படுகிறது. பலகை செய்யும் சிறு தொழிற்கூடத்தில் அன்று. அதிலுள்ள புரோமின், வெப்பத்தில் விடுபட்டு, சுடரைத் தொடரச் செய்யும் வேதித் துகள்களைச் செயலிழக்கச் செய்கிறது. தீமூலத்தை அகற்றியதும் பலகை தானே அணைகிறது.

இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெக்கேன். இது இயற்கையில் எளிதில் சிதையாது. உயிரினங்களின் உடலில் சேர்ந்து பெருகும். 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் இது இடம்பெற்றது. கட்டடப் பலகைகளுக்குக் குறித்த காலத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இந்தியா 2018-ஆம் ஆண்டு விதிகளின் மூலம் இதனைத் தடைசெய்தது. புரோமின் சேர்ந்த பெருமூலக்கூற்றுப் பொருள்கள் இப்போது மாற்றாக உள்ளன. அவற்றின் மூலக்கூறு பெரிதாகையால் உயிரணுக்களுக்குள் எளிதில் புகுவதில்லை.

தணிப்பு வேறு, தடுப்பு வேறு

தீத்தணிப்புப் பலகை எரியாத பலகையன்று. சிறு தீயை அது தாங்கும்; பெருந்தீயில் உருகி, கரும்புகை கக்கி எரியும். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் விமான நிலையத்தில், பற்றவைப்புப் பணியின் பொறி கூரை இடைவெளியிலிருந்த பாலிஸ்டைரீன் பலகைகளைப் பற்றியது. 17 பேர் மாண்டனர். பெங்களூரிலேயே, பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று ஏற்பட்ட தீவிபத்து 9 உயிர்களைக் கொண்டது. மின்கம்பிப் பாதையில் தோன்றிய அத்தீக்கும் இப்பலகைக்கும் தொடர்பில்லை. எனினும் அடுக்குமாடியில் புகை எத்துணைக் கொடியது என்பதை அது உணர்த்தியது. ஆகவே பலகையை மொட்டைமாடித் தளத்தின் மேற்புறம் இட்டு, அதன்மேல் சிமெண்டுக் கலவையும் ஓடும் பாவி மூடுவதே முறை.

சந்தையின் சிக்கல்

சாதாரணப் பலகையும் தீத்தணிப்புப் பலகையும் பார்வைக்கு ஒன்றே. வெண்மையும் எடையும் வேறுபடா. வாங்குவோரால் தரத்தை அறிய இயலாதபோது, நேர்மையான உற்பத்தியாளர் கூடுதல் விலை பெற முடியாது. தரங்குறைந்த சரக்கே அவரைச் சந்தையிலிருந்து விரட்டும். பொதி அட்டைக் கழிவை அரைத்துப் பாளத்தில் கலந்தாலோ தீத்தணிப்புத் திறன் மேலும் நீர்த்துப்போகும்.

1984-இல் வெளியான ஐ.எஸ். 4671 தரம், கனமீட்டருக்கு 15 முதல் 35 கிலோ வரையிலான அடர்த்திகளை வரையறுத்தது. தரம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. பொதுப்பணிகளுக்குப் பலகை வாங்கும் அதிகாரிகள் நான்கு செய்திகளைச் சரிபார்த்தல் நலம்.

முதலாவது, உற்பத்தியாளர் தீத்தணிப்பு மணிகளை வாங்கியதற்கான பட்டியலும் அவர் வழங்கும் பலகையின் எடையும் பொருந்துகின்றனவா என்பது. இரண்டாவது, தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை என்ற மணி ஆலையின் சான்று. மூன்றாவது, நன்கு ஆறிய பலகையிலிருந்து எடுத்த மாதிரியின் தீச்சோதனை அறிக்கை. பென்டேன் எஞ்சிய புதுப் பலகையின் சோதனை உண்மையைக் காட்டாது. நான்காவது, பலகை மூடப்படும்வரை அவ்விடத்தில் பற்றவைப்பு வேலை நடைபெறாதிருத்தல்.

வெப்பத்தைத் தணிக்க இட்ட பலகை நெருப்புக்கு இரையாகாதிருக்க வேண்டுமாயின், வேதியியலுக்குக் கொள்முதல் ஒழுங்கும் துணைநிற்க வேண்டும். கூரைக்குக் கீழே வாழும் குடும்பத்தால் பலகையைச் சோதித்தறிய இயலாது. அப்பொறுப்பு ஒப்புதல் கையெழுத்திடும் அலுவலருடையதே.